வேம்படியில் மூன்று ராத்திரி

போன மார்கழியில் மூன்று ராத்திரி நான் எங்கள் தோட்டத்தில், இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவே கட்டிய துணித் தொட்டிலில் படுத்தேன். எனக்கு வயது நாற்பத்தொன்பது. வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு நான் வெளியே படுக்கிறேன் என்று தெருவில் பேச்சாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெண் விடியற்காலையில் செண்டுமல்லி பறிக்க வந்தவள், வேலியோரம் நின்று, "ஏன் மதினி, அண்ணன் எதுவும் சொல்லிட்டாகளா?" என்று கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை, குளிருகிறதா என்று படுத்துப் பார்க்கிறேன் என்றேன். மார்கழியில் குளிருகிறதா என்று படுத்துப் பார்க்கிற ஆளிடம் மேற்கொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல் அவள் பூப்பறிக்கப் போய்விட்டாள்.

காரணம் என் மகள். அவளுக்கு இருபத்துமூன்று வயது. சென்னையில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு, ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் எங்கள் வீட்டு நடு அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற பெண்கள் நான்கு பேர் சிறுமலைக்கு வருகிறார்கள், அங்கே ஒரு காப்பித் தோட்டத்துக்குள் மரத்துக்கு மரம் தொட்டில் கட்டி இரண்டு ராத்திரி தூங்கப்போகிறார்கள், தானும் போக வேண்டும் என்றாள். அந்தத் தொட்டிலுக்கு ஹேமக் என்று பெயராம். பார்சலில் ஏற்கெனவே வரவழைத்து வைத்திருந்தாள். வாங்கி முடித்துவிட்டுத்தான் கேட்டாள். இது அவள் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம்.

அவளுக்கு நான்கு வயதிலிருந்து இழுப்பு உண்டு. டாக்டர் அதை வீசிங் என்பார். குளிர்காற்று பட்டால் வரும், தூசி பட்டால் வரும், சில சமயம் ஒன்றுமே படாமலும் வரும். அதனால் பத்தொன்பது வருஷமாக நான் முழுசாகத் தூங்கியதில்லை. மழை பெய்தால் எனக்குத் தெரியாது, நாய் குரைத்தால் தெரியாது. பக்கத்தில் நடு அறையில் தூங்குகிற அவள் மூச்சில் மெல்லிய விசில் கேட்டால் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். என் காதுக்கு எட்டாத தூரத்தில் அவள் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அனுப்பவில்லை. கல்லூரிச் சுற்றுலாவுக்கும் அனுப்பவில்லை. கல்லூரியே திண்டுக்கல்லில்தான், தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்தில் அவள் பாய்க்குப் பக்கத்தில் என் பாய். இதையெல்லாம் நான் எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முடியாது என்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். நேரே டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். மருந்து கையில் இருந்தால் போதும், எப்போது எடுக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியும், தாராளமாகப் போகலாம் என்று அவர் சொன்னாராம். டாக்டர் மரத்தில் படுக்கப்போவதில்லை என்றேன். வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறவர். முக்கால்வாசித் தூக்கத்தை வண்டி சீட்டிலேயே முடித்துக்கொள்கிறவர். இதற்குப் போய் இம்புட்டுப் பேச்சா என்றார். நான் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்த சத்தத்துக்குப் பிறகு அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"நீயே படுத்துப் பாரும்மா. நம்ம தோட்டத்துல, விடிய விடிய. குளிருச்சுன்னா சொல்லு, நான் போகல. இனிமே கேக்கவும் மாட்டேன்."

"குளிரலன்னா?"

"குளிரலன்னா போறேன்."

அன்றைக்குத் திங்கட்கிழமை. வியாழக்கிழமை காலையில் கூட்டாளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். மூன்று ராத்திரி இருந்தது. சரி என்றேன்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். குளிரும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் சரி சொன்னேன். குளிர்ந்ததா இல்லையா என்று சொல்லப்போவது நான்தானே. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்துமா என்னை நம்பி இப்படி ஒரு பேச்சுப் பேசினாள் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

ஆனால் என்னிடம் ஒரு கோளாறு உண்டு. நான் தையல்காரி. மெயின் ரோட்டில் இருபத்தாறு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். பொருந்தாத ஒன்றைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஒரு கேத வீட்டில், என்னைக் கட்டிப்பிடித்து அழுதவளின் ஜாக்கெட் கைக்குழியில் இழுத்துக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் முடிந்ததும் கடைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இந்தக் கோளாறை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தொட்டிலைத் தென்னையில் கட்டலாம் என்றார் வீட்டுக்காரர். மட்டை விழுந்தால் குளிருகிறதா இல்லையா என்ற கேள்வியே இருக்காது என்றேன். மோட்டார் ரூம் பக்கத்தில் இருக்கிற இரண்டு வேம்பு என்று முடிவானது. கட்டியவர் அவர்தான். ஒரு காலை மரத்தில் ஊன்றி, லோடுக்குக் கயிறு போடுகிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். எங்கள் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் தொய்ந்து கிடந்தால் அது அந்த வீட்டு ஆம்பளைக்கு அவமானம். விருந்தாளி வந்து உட்கார்ந்து குழிக்குள் இறங்கிவிட்டால், காப்பி வருவதற்கு முன்னால் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கமாட்டார். அதனால் துணி பலகை மாதிரி ஆகும்வரை இழுத்துக் கட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, திருப்தியாக நகர்ந்தார்.

ஏறிப் படுத்தேன். துணியின் இரண்டு ஓரமும் மேலே வந்து தோளை நெருக்கின. கொஞ்சம் விலக்கலாம் என்று கையை அசைத்தேன். அந்தப் பக்கமாகத் தரையில் கிடந்தேன். வீட்டுக்காரர் சிரித்தார். இரண்டாவது தடவை விழுந்தபோது அவர் லோடு ஏற்றப் போய்விட்டதால் சிரிக்க ஆள் இல்லை. அதற்குப் பிறகு விறைத்துப்போய், கண்ணை மட்டும் அசைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பதினோரு மணிக்கு எழுந்து வீட்டுக்குள் வந்து, குளிருகிறது என்று அறிவித்துவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டேன்.

காலையில் மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கட்டினதே தப்பு என்றாள். தொட்டிலை இழுத்துக் கட்டக்கூடாது, நடுவில் நன்றாகத் தொய்ய விட வேண்டும், அதில் நேராகப் படுக்காமல் தலையை ஒரு மூலைக்கும் காலை எதிர் மூலைக்குமாகக் குறுக்கே படுத்தால் முதுகு தட்டையாகிவிடும் என்று போனில் படம் காட்டினாள். வீட்டுக்காரருக்கு வருத்தம். "கயித்துல தொய்வு விட்டுக் கட்டி எனக்குப் பழக்கமில்ல. பாக்குறவன் சிரிப்பான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அவளே போய் அவிழ்த்துக் கட்டினாள். கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி நடுத்துணி கீழே இறங்கி நின்றது. பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி அதில் குறுக்கே படுத்தேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மிஷின் முன்னால் குனிந்தே பழகிய கழுத்தின் பிடிப்பும், வலது தோள்பட்டையில் நிரந்தரமாகக் குடியிருக்கிற வலியும், அரை மணி நேரத்தில் எங்கே போயின என்று தெரியவில்லை. சந்தோஷப்பட்டுவிடக் கூடாது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

நடுராத்திரிக்குக் கீழேயிருந்து குளிர் ஆரம்பித்தது. எனக்கு அடியில் ஒரு ஜமுக்காளமும் ஒரு கம்பளியும் இருந்தன. மேலே இரண்டு போர்வை, தலையில் வீட்டுக்காரரின் குரங்குக் குல்லா. மேல்பக்கம் கதகதப்பாகத்தான் இருந்தது. முதுகு மட்டும் ஈரச் சிமெண்டுத் தரையில் கிடப்பது போல இருந்தது. எழுந்து போய் இன்னொரு கம்பளியைக் கொண்டுவந்து அடியில் போட்டேன். பிறகு இன்னொரு ஜமுக்காளம். நான்கு அடுக்கு ஆகியும் குளிர் நகரவில்லை. அப்போதே எழுந்து வந்திருக்கலாம், நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் நான்கு துணி போட்டும் ஏன் குளிருகிறது என்பது எனக்கு ஆத்திரமாக இருந்தது. கையை அடியில் விட்டுத் தடவிப் பார்த்தேன். என் கனத்தில் கம்பளி காகிதம் மாதிரி நசுங்கிக் கிடந்தது. அதற்குக் கீழே காற்று தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. அதையே யோசித்துக்கொண்டு விடியும்வரை கிடந்தேன். எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு, குல்லாவோடு வீட்டுக்கு நடந்தபோதுதான் செண்டுமல்லிக்காரி கேட்டது.

குளிருகிறது என்று மகளிடம் சொன்னேன். அந்தத் தடவை அது உண்மை. "சரிம்மா" என்றாள். வாதாடவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு வேலையாகத் திண்டுக்கல் போய்விட்டு வருகிறேன் என்று பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். இட்லிதான் இறங்கவில்லை.

கடையில் அன்றைக்கு லைனிங் வைத்த கல்யாண ஜாக்கெட் ஒன்று கையில் இருந்தது. உள்துணியை மேல்துணியோடு சேர்த்து இழுத்துத் தைத்தால் கெட்டுப்போகும், அது தன் போக்கில் கொஞ்சம் தளர்ந்து நிற்க வேண்டும். இதை எத்தனை பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். பாதித் தையலில் மிஷினை நிறுத்தினேன். தப்பு எனக்குப் புரிந்துவிட்டது. கதகதப்புக்குப் போடுகிற துணி எனக்கு அடியில் இருந்தால் நசுங்கத்தான் செய்யும். அது தொட்டிலுக்கு வெளியே, தொட்டிலுக்கும் கீழே, என் கனம் படாமல் தொங்க வேண்டும். ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு மத்தியானமே கடையைச் சாத்தினேன்.

மோட்டார் ரூம் பரண்மேல் பழைய இலவம்பஞ்சுத் தலையணைகள் இரண்டு, சாக்கில் கட்டிக் கிடந்தன. மகளுக்கு இழுப்பு வந்த புதிதில், பஞ்சு வீட்டில் இருக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் ஏற்றி வைத்தது. இலவம்பஞ்சை யாரும் தூக்கிப் போடுவதில்லை. அதை இறக்கினேன். வெளியே வைத்துப் பிரித்தால் காற்றில் போய்விடும் என்று நடு அறையில் வைத்துப் பிரித்தேன். இரண்டு பழைய பாலியெஸ்டர் சேலைகளை வெட்டி, வரிவரியாகப் பை தைத்து, பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காதபடி அடைத்து, இரண்டு முனையிலும் பாவாடை நாடா கோத்தேன். தூக்கிப் பிடித்தால் பெரிய இட்லித் துணி மாதிரி இருந்தது. அதற்கு அடிப்போர்வை என்று நானே பெயர் வைத்தேன். அறையைக் கூட்டி, இரண்டு தடவை ஈரத்துணியால் துடைத்தேன். அது போதும் என்று நினைத்தேன். சரியாகச் சொல்வதென்றால், அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. பத்தொன்பது வருஷம் ஒரு பொட்டுப் பஞ்சை வாசல் தாண்ட விடாதவள், அன்றைக்கு நாடா எந்தப் பக்கம் கோக்கலாம் என்பதிலேயே இருந்தேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் அவளையே தொட்டிலில் படுக்க வைத்து அளவு பார்த்தேன். நான் கீழே மண்டிபோட்டு, தொட்டில் துணிக்கும் அடிப்போர்வைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். இறுக்கிக் கட்டினால் பஞ்சு நசுங்கியது, தளர்த்தினால் காற்றுப் போக வழி விட்டது. நான்கு விரல் தளர்த்தி, இரண்டு விரல் இழுத்து, ஒரு வழியாக உட்கார வைத்தேன். மேலேயிருந்து அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாதாம், சாப்பிட்டால்தான் உடம்பு சூடு பிடிக்குமாம். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, சாக்ஸில் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். பனி விழாமல் மேலே கயிறு கட்டித் தார்ப்பாய் போட வேண்டுமாம். கூட வருகிறவர்களில் ஒருத்தி சின்ன அடுப்பு கொண்டுவருகிறாளாம். போகிறவள் மாதிரியே பேசினாள்.

"அங்க போய் இழுப்பு வந்தா என்ன பண்ணுவ?" என்று கீழேயிருந்து கேட்டேன்.

"இங்க வந்தா என்ன பண்ணுவேனோ அதத்தான்."

"இங்க நான் இருக்கேன்."

தொட்டில் மட்டும் லேசாக ஆடியது.

புதன்கிழமை ராத்திரி வீட்டுக்காரர் பத்து மணிக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போவதற்கு முன்னால் தார்ப்பாயை மட்டும் அவர் இஷ்டப்படி முறுக்கிக் கட்டிக்கொடுத்தார். நான் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு, வெந்நீர்ப் பாட்டிலோடு போய்க் குறுக்கே படுத்தேன். கீழேயிருந்து குளிர் வரட்டும் என்று காத்திருந்தேன். முதுகுக்கு அடியில் இதமான சூடு ஒன்று மெதுவாகக் கூடிக்கொண்டு வந்தது. நன்றாகத் தைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். அந்த ராத்திரியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கண் விழித்தபோது தார்ப்பாய்க்கு அடியில் வெயில் வந்திருந்தது. ஏழு மணி இருக்கும். செண்டுமல்லிக்காரி பூப்பறித்து முடித்து வீட்டுக்கே போயிருந்தாள். உடம்பில் ஒரு இடத்திலும் வலி இல்லை. கை, கால், முதுகு எல்லாம் சூடாக இருந்தன. கல்யாணமான பிறகு அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை என்பதை உணர்ந்தபோது சிரிப்பு வந்தது. பிறகு வியாழக்கிழமை என்பது ஞாபகம் வந்தது. எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் பொய் தயாராகிவிட்டது. மூன்று மணிக்கு மேல் குளிர் தாங்கவில்லை, எழுந்து வர முடியாத அளவுக்கு விறைத்துவிட்டேன் என்று சொல்லலாம். வேலியோரமாக நடந்துகொண்டே அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. மார்கழியில் நான் எந்த ஜன்னலையும் திறக்க விடுவதில்லை. நடு அறைத் தரை ஈரமாக இருந்தது. பீரோவை அவள் ஒற்றை ஆளாக நகர்த்தியிருந்தாள். அதற்குப் பின்னாலிருந்து வாரிய பஞ்சு, முறத்தில் ஒரு கைப்பிடி கிடந்தது. அவள் அடுப்படியில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்ஹேலர். உதடு நீலம் பாயாமல் நிறத்தோடு இருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

ஒன்றரை மணிக்கு இழுப்பு வந்ததாம். மருந்தை எடுத்துவிட்டு, என்ன காரணம் என்று தேடிப் பார்த்து, ஜன்னலைத் திறந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அறையைச் சுத்தம் செய்துவிட்டு, இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். மறுபடியும் ஒரு தடவை மருந்து. நான்கு மணிக்கெல்லாம் சரியாகிவிட்டதாம். இதையெல்லாம் கரண்ட் போய் வந்த மாதிரி சொன்னாள்.

எனக்கு வந்தது கோபம். என்னை ஏன் எழுப்பவில்லை என்று கத்தினேன். போன் எதற்கு இருக்கிறது, கால் எதற்கு இருக்கிறது, ஐம்பது அடி தூரத்தில் பெற்றவள் கிடக்கிறாள், ஒன்று கிடக்க ஒன்று ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்று, காப்பிக்கு வைத்த பால் பொங்கி வழியும்வரை திட்டினேன். பஞ்சைப் பிரித்தது நான் என்பதை மட்டும் விட்டுவிட்டுத் திட்டினேன். அவள் எழுந்து வந்து அடுப்பை அணைத்தாள்.

"வந்தேம்மா," என்றாள். "ரெண்டு மணிக்கு தோட்டத்துக்கு வந்தேன்."

"வந்து?"

"உன் கால தொட்டுப் பாத்தேன். சூடா இருந்துச்சு. ஒரு பக்கம் போர்வ நழுவியிருந்துச்சு, இழுத்துப் போத்தி விட்டுட்டு வந்துட்டேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பத்தொன்பது வருஷமாக நான் செய்துகொண்டிருந்த வேலையை ஒருத்தி என்னிடம் கேட்காமலே எடுத்துச் செய்து முடித்துவிட்ட மாதிரி, கை இரண்டும் வெறுமையாகிவிட்டன. மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிற நேரத்தில், இருட்டில் தோட்டம்வரை நடந்து வந்து, எனக்குக் குளிருகிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் இரண்டு டம்ளரில் காப்பியை ஊற்றினாள். ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள். போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"குளிருச்சாம்மா?"

வேலியோரம் சொல்லிப் பார்த்தது எல்லாம் வாயில் இருந்தது.

"குளிரல," என்றேன்.

அன்றைக்கும் மறுநாளும் கடையை மத்தியானமே சாத்தினேன். அடிப்போர்வையைத் தோட்டத்துக் கடைசி வரப்புக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, பஞ்சு முழுவதையும் கொட்டிப் புதைத்தேன். சேலைப் பையை இரண்டு தடவை அலசிக் காயப்போட்டு, டவுனில் வாங்கிய செயற்கை நாரை அடைத்து மறுபடியும் தைத்தேன். மகள் என்னைவிட ஒரு சாண் குட்டை. அதற்குத் தகுந்தபடி நாடாவையும் குறைத்தேன். சனிக்கிழமை காலையில் அதைச் சுருட்டி அவள் பையில் நானே வைத்தேன். சிறுமலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, "வாரேம்மா" என்றாள். கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். ஏற்றினாள். பஸ் வளைவில் திரும்பியதும் இறக்கியிருப்பாள்.

அந்த இரண்டு ராத்திரியும் நான் வீட்டுக்குள், கட்டிலில், கதவைச் சாத்தி, மூன்று போர்வை போர்த்திக்கொண்டு படுத்தேன். பொட்டுத் தூக்கம் வரவில்லை. அவள் நன்றாகத் தூங்கினாளாம்.